கிறேமரின் கிழமை

நவம்பர் மழைக்குள்தான் அவர்கள் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இருந்த அந்தப் பழைய செங்கல் வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடு. மேலே ஒன்று, நடுவில் எதிரெதிரே இரண்டு, கீழே ஒன்று என்று நாலே நாலு குடியிருப்புகள். சோபாவைப் படியில் ஏற்றும்போதே கம்சனாவுக்கு ஒரு வாசம் மூக்கில் ஒட்டிக்கொண்டது. நனைந்த கம்பளியும் பழைய புகையிலையும் கலந்த வாசம்.

"ஆரோ சுருட்டுப் பத்துறாங்கள் போலை," என்றாள் அம்மா சியாமளா. "நாளைக்குச் சாம்பிராணி காட்டினாச் சரி."

காட்டினார்கள். வாசம் போகவில்லை.

கீழ்வீட்டுக்காரர் போல்மன், எழுபது வயதிலும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, முதல் நாளே அப்பாவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு வீட்டு ஒழுங்குகளைச் சொல்ல ஆரம்பித்தார். அப்பா தவராசா ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடம். அதில் இருபத்தெட்டு வருடம் மரக்கறித் தொழிற்சாலையில் போனதால், அவருடைய ஜெர்மன் பெட்டி, லொறி, பிரேக் டைம் என்பதைத் தாண்டவில்லை. அதற்கு மேலே எல்லாம் கம்சனாதான். எட்டு வயதிலிருந்து அந்த வீட்டின் ஜெர்மன் வாய் அவள். டொக்டர், அரசாங்கக் கந்தோர், அன்ராக் என்ற விண்ணப்பக் கடிதங்கள், தன்னைப் பற்றித் தன் ரீச்சர் சொல்லும் முறைப்பாடு வரைக்கும் அவளே மொழிபெயர்த்தாள். பதினாறு வயதுக்குள் அந்தத் தொழிலின் சூட்சுமமும் கைவந்திருந்தது. சனம் பேசுவதில் பாதி தேவையில்லாதது. அதை விட்டுவிடலாம்.

போல்மன் ஒரு மரப்பலகையைக் காட்டினார். உள்ளங்கை அகலம், மேலே ஒரு கயிறு, நடுவில் சூட்டுக்கோலால் எழுதிய ஒரு ஜெர்மன் சொல்: பனி முறை.

"இது எங்கடை கதவிலை தொங்கினா அந்தக் கிழமை நடைபாதையிலை விழுற ஸ்னோவை நாங்கள்தான் வழிக்கோணுமாம் அப்பா. காலமை ஏழு மணிக்கு முன்னம். ஞாயிறு பின்னேரம் அடுத்த வீட்டுக் கதவிலை கொழுவி விடோணுமாம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. போல்மன் இன்னொரு வரியும் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அது காலி வீடு. அந்தக் கதவில் மட்டும் ஒரு நாளும் கொழுவக் கூடாது. அதைத் தாண்டி மேல்மாடிக்குக் கொண்டுபோ" என்றார். அந்தக் கதவின் மணிப்பொத்தானுக்குக் கீழே கிறேமர் என்ற பெயர் இன்னும் இருந்தது. கிழவனின் விசர் என்று கம்சனா நினைத்தாள். இந்த ஊரில் குளிர்காலம் என்றாலே மழை. வராத பனிக்கு இவ்வளவு சட்டமா?

அந்த ஒரு வரியை அவள் விட்டுவிட்டாள்.

டிசம்பரில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, குளிரில் உடம்பை வருத்தக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டொக்டர் சொன்னதைக் கம்சனா ஓர் எழுத்து விடாமல், இரண்டு தரம் மொழிபெயர்த்தாள்.

பனி ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது.

முதல் மணித்தியாலம் சனம் சிரித்தது. பெரிய ஆட்களே வாயைத் திறந்து நாக்கில் ஏந்தினார்கள். சனிக்கிழமை காலை முழங்காலுக்குப் பனி நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. சுப்பர்மார்க்கெட்டில் பால் இல்லை, ஈஸ்ட் இல்லை. படிக்கட்டில் கொட்டுவதற்காகச் சமையல் உப்பை வண்டில் வண்டிலாக அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசி உப்புப் பெட்டிக்கு இரண்டு பெண்கள் இழுபறிப்பட்டு, பெட்டி கிழிந்து, ஒருத்தி மற்றவளின் முகத்தில் ஒரு பிடி உப்பை எறிந்தாள். றெயில் ஓடவில்லை. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்கு வெள்ளி காலை வேலைக்குப் போன அம்மா அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். "பதினெட்டுக் கிழடுகளுக்கு நாங்கள் ரெண்டே ரெண்டு பேர். அப்பாவை வெளியிலை விட்டிடாதை," என்று போனில் சொன்னாள்.

அந்தக் கிழமை பலகை அவர்கள் கதவில்தான் தொங்கியது.

"முறை எண்டா முறை," என்று அப்பா எழுந்து உடுத்தார். "உவங்கள் செய்யேல்லை எண்டு ஒருத்தனும் எங்களைச் சொல்லக் கூடாது. எங்கை என்ரை சப்பாத்து?"

"ஒளிச்சு வைச்சிருக்கிறன். தேடுங்கோ, கண்டுபிடிச்சாப் போங்கோ."

"எடியே, நான் என்ன பச்சைப் பிள்ளையே?"

"அதைவிட மோசம். பேசாமல் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவளே இறங்கினாள். இரண்டு நாளும் விடிய முன்னம் பனி தள்ளும் சவளால் வழித்து வழித்துத் தோள்மூட்டு கழன்றது. அள்ளிய பனியைப் பின்வளவு மூலையில் குவித்தாள். போல்மன் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளை போட்டார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் அவளுக்கு வித்தியாசமாக இருந்தது.

"அந்த மூலையில் குவிக்காதே! வேறு எங்காவது போடு!"

ஏற்கெனவே மலையளவு குவித்துவிட்டாள். இனி எங்கே போடுவது? கேட்காதவள்போல இருந்துவிட்டாள்.

ஞாயிறு காலை பேக்கரி வரிசையில் நின்றபோது அவள் கண்முன்னால் அது நடந்தது. ஒருவர் ஒரு மணித்தியாலம் பாடுபட்டுத் தோண்டி எடுத்த இடத்தில் இன்னொருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இரண்டு சொல் பேசினார்கள். மூன்றாவது சொல்லுக்குச் சவளின் தகட்டு விளிம்பு காரில் வந்தவரின் வாயில் இறங்கியது. பல் ஒன்று பனியில் விழுந்தது. அதன் மேல் இரத்தம் கொட்டியது. வரிசையில் இருந்த இருபது பேரும் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பத்து நிமிடத்தில் புதுப் பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அடுத்து வந்தவர்கள் அதன் மேலே நடந்து பாண் வாங்கப் போனார்கள்.

அன்று பின்னேரம் அவள் உடம்பு நோவுக்குச் சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த நேரம், கிழமை முடிந்ததென்று அப்பா பலகையைக் கழற்றினார். அடுத்த வீட்டுக் கதவு எது? எதிர்க் கதவுதான். பெயரும் போட்டிருக்கிறது. கொழுவிவிட்டு வந்து நிம்மதியாக ரீவியைப் போட்டார்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திங்கள் விடிகாலை ஒரு சத்தம் அவளை எழுப்பியது.

சர்ர்ர்க்.

கல்லில் தகரம் உரசுகிற சத்தம். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. திரும்பவும், சர்ர்ர்க்.

அப்பாவோ என்று பதறி அவருடைய அறைக்கு ஓடினாள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போல்மனாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தாள். யன்னலைத் திறந்து பார்த்தபோது வெளிச்சம் வந்திருந்தது. இரவு முழுக்கப் பெய்திருந்தது. தெரு முழுக்க ஒரே வெள்ளை. அவர்கள் வீட்டு நடைபாதை மட்டும் கறுப்பாக, கல்லுக் கல்லாக, ஈரம்கூட இல்லாமல் கிடந்தது.

அந்தச் சுத்தமான பாதை வாசலோடு நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்குப் போனது. குசினி யன்னலுக்கு ஓடிப் பார்த்தாள். அவள் குவித்த மலையின் நடுவில் குழிபோல் ஒரு கிடங்கு தோண்டியிருந்தது.

ஒரு ஆள் நீளம். ஒரு ஆள் அகலம்.

ஒரு காலடித் தடமும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது படிக்கட்டில் போல்மனின் கத்தல் கேட்டது. கதவைத் திறந்தாள். எதிர்க் கதவின் கைபிடியில் பலகை தொங்கியது. போல்மனின் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. "யார் இதை இங்கே கொழுவியது?"

அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். கேள்வி விளங்கியது. நல்ல காரியம் செய்த முகத்தோடு நான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இஷ்."

போல்மன் அவருடைய கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தார். தலை மோதிய சத்தத்தில் மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. திரும்பவும் இழுத்து அறைந்தார். அப்பாவின் கை நெஞ்சைப் பொத்தியது. கம்சனா பாய்ந்து கிழவரின் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் இரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அவர் அவளை உதறி எறிந்துவிட்டு, எதிர்க் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றப் பிடித்தார்.

கை வரவில்லை.

உறைந்த இரும்பில் நாக்கு ஒட்டுவதுபோல அவருடைய உள்ளங்கை மரத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். உதறினார். பிறகு மாடுபோல் கத்திக்கொண்டு மற்றக் கையால் பிடித்து ஒரே இழுவை இழுத்தார். துணி கிழிகிற சத்தம் கேட்டது. பலகையில் ஒரு பட்டித் தோல் வெள்ளையாகத் தொங்கியது. இரத்தம் சொட்டச் சொட்ட அவர் இறங்கி ஓடினார்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தி, நாக்குக்குக் கீழ் மருந்து வைத்து, மூச்சு சீராகும்வரை அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"நீ சொன்ன மாதிரித்தானே பிள்ளை செய்தனான்," என்றார் அவர். "அடுத்த கதவு எண்டுதானே சொன்னனீ?"

"ஓமப்பா."

"பிறகேன் உவன் அடிச்சவன்?"

அவள் அவருடைய நெற்றி வீக்கத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்தினாள்.

மேல்மாடியில் றீற்றா அன்ரி இருந்தாள். மன்னார்க்காரி, அந்த வீட்டில் பதினாறு வருடமாக இருப்பவள். இந்த வீட்டை அவர்களுக்கு ஒழுங்குபடுத்தித் தந்ததும் அவள்தான். மத்தியானம் கம்சனா ஏறிப் போனபோது குசினியில் நின்று சிரித்தாள். "என்னடி, கொப்பர் போல்மனோடை மல்யுத்தமாம்? நீ வேறை நாய் மாதிரிக் கடிச்சியாம்?"

"அன்ரி, அப்பா பலகையைக் கிறேமற்றை கதவிலை கொழுவிப்போட்டார்."

றீற்றா அன்ரியின் கையிலிருந்த கோப்பை தொட்டிக்குள் விழுந்தது.

"உங்களுக்குச் சொல்லேல்லையே? அந்தக் கதவிலை கொழுவக் கூடாதெண்டு போல்மன் எல்லாருக்கும் சொல்லுறவன். கொப்பருக்கு ஆரும் சொல்லேல்லையே?"

"இல்லை அன்ரி," என்றாள் கம்சனா.

றீற்றா அன்ரி கழுத்துச் செபமாலையைக் கைக்குள் அடக்கிக்கொண்டு யன்னலோரம் இருந்தாள்.

"பதினைஞ்சு வருசத்துக்கு முன்னம் இப்பிடித்தான் ஒரு ஸ்னோ கொட்டினது. கிறேமற்றை முறை. அவன் பஞ்சி பிடிச்சவன், இறங்க மாட்டன் எண்டு நிண்டவன். போல்மனுக்கும் அவனுக்கும் வாசல்லை சண்டை. நான் மேலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். முதல் பேச்சு. பிறகு சவளாலை அடிக்கிற சத்தம். நாலு அடி. கிறேமர் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன் பிள்ளை. பிராவ் றீற்றா, பிராவ் றீற்றா எண்டு."

"நீங்கள் போகேல்லையே?"

"எனக்கு அப்ப விசா இல்லை. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முத்திரை குத்துறவங்கள். பொலிஸ், சாட்சி எண்டு போனா என்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு கதவைப் பூட்டிப்போட்டு இருந்திட்டன். விடிய எழும்பினா ஆளில்லை. பின்வளவிலை ஒரு ஸ்னோக் குவியல்தான் கிடந்தது. மிச்ச நாளெல்லாம் நாங்கள் எல்லாரும் அந்தக் குவியலுக்கு மேலைதான் அள்ளி அள்ளிப் போட்டனாங்கள். நானும் போட்டனான். பதினொரு நாளாலை கரைஞ்சபோதுதான் கை தெரிஞ்சது."

"போல்மனைப் பிடிக்கேல்லையே?"

"கூரையாலை ஸ்னோ சரிஞ்சு விழுந்ததெண்டு பொலிஸ் எழுதிப்போட்டுப் போயிட்டாங்கள். ஆரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லிப்போட்டம்." அவள் செபமாலையை விடவில்லை. "பிறகு அந்த வீட்டிலை ஆரும் ரெண்டு கிழமைக்கு மேலை இருக்கேல்லை. அந்தப் பலகை அவன்ரை கதவிலை தொங்கினா, அவன் தன்ரை முறையைச் செய்ய வருவான். அது போல்மனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

செவ்வாய் விடிய நாலே முக்கால். அம்மா இன்னும் வந்து சேரவில்லை.

சத்தம் இம்முறை வெளியே இல்லை.

எதிர் வீட்டுப் பூட்டு உள்ளிருந்து திரும்பியது. ஒரு தரம். இரண்டு தரம். கதவு திறந்தது. நனைந்த கம்பளி வாசம் அவர்களுடைய கதவின் கீழால் உள்ளே வந்தது.

சர்ர்ர்க்.

சவளின் விளிம்பு ஒவ்வொரு படியாக உரசி இறங்கியது. கம்சனா தன்னை அறியாமல் எண்ணினாள். பதினாலு படி. கீழே நின்றது.

பிறகு மரம் பிளந்தது.

போல்மன் முதலில் ஏசினார். பிறகு கிறேமர், கிறேமர் என்று கெஞ்சினார். பிறகு அடி விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது, பேக்கரி வாசலில் கேட்டது. ஆனால் இது ஒன்றோடு நிற்கவில்லை. எலும்பு முறிகிற இடத்தில் சத்தம் மாறியது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவர் மூச்சை இழுத்து ஒரே சொல்லைக் கத்தினார். உதவி. உதவி. பிறகு, அந்த வீட்டில் தனக்குத் தெரிந்த பெயரை.

"ஹேர் தவா! ஹேர் தவா!"

அப்பா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். நெற்றியில் நேற்றைய வீக்கம் கறுத்திருந்தது.

"ஆரோ அந்தாளைப் போட்டு அடிக்கிறாங்கள். கதவைத் திற."

கம்சனா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். பூட்டிய கதவின் திறப்பு அவளுடைய கைக்குள் இருந்தது.

"ஏலாது அப்பா."

"மனிசன் சாகிறான் பிள்ளை!"

"நேற்று உங்களைக் கொல்லப் பாத்தவன் அவன். உங்களுக்கு ஒண்டெண்டா நான் என்ன செய்வன்? போகாதேங்கோ. அப்பா, கும்பிடுறன், போகாதேங்கோ."

அவளுடைய போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. பத்து எட்டு வைத்தால் போதும். எட்டி எடுத்தால் பொலிசைக் கூப்பிடலாம். ஆனால் அவள் கதவை விட்டால் அப்பா வெளியே போய்விடுவார்.

அவள் கதவை விடவில்லை.

கீழே கத்தல் நின்றது. கனமான எதையோ இழுத்துக்கொண்டு போகும் சத்தம் பின்வாசலைத் தாண்டியது. குசினி யன்னலால் பின்வளவு தெரிந்தது. நீலமாக விடிந்துகொண்டிருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பனி மட்டும் ஒரு சவள் அளவு எழும்பியது. கிடங்குக்குள் விழுந்தது. எழும்பியது. விழுந்தது. அவசரம் இல்லாமல், முறையாக வேலை செய்கிற ஒருவனின் நிதானத்தில்.

கிடங்கு நிரம்பியதும் மேலே இரண்டு தரம் தட்டிச் சமப்படுத்தியது.

பிறகு படி ஏறி வந்தது.

பதினாலு படி.

அவர்களுடைய கதவுக்கு வெளியே நின்றது. தண்ணீர் சொட்டுகிற சத்தம். அப்பா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். சாவித்துவாரத்திலிருந்து உறைபனி முளைத்து, வேர்போல் கிளை விட்டு, மரத்தில் பரவியது. அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டது. அப்பாவின் பக்கம் போகவில்லை.

எதிர் வீட்டுப் பூட்டு திரும்பியது. ஒரு தரம். இரண்டு தரம்.

மத்தியானம் பொலிஸ் வந்தபோது, எதிர்க் கதவின் கைபிடியில் பலகை இல்லை. போல்மனின் கதவு நடுவில் பிளந்து கிடந்தது. பின்வளவில் இரண்டு பேர் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் தெரிந்தது ஒரு கை. உள்ளங்கையில் தோல் இல்லாத கை.

இளம் பொலிஸ்காரி ஒருத்தி குறிப்புப் புத்தகத்தோடு அவர்களுடைய வீட்டுக்குள் வந்தாள். உங்களுக்கு ஏதாவது கேட்டதா?

அப்பா அவளைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார். "கேட்டது எண்டு சொல்லு பிள்ளை. என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். நாங்கள் கதவைத் திறக்கேல்லை எண்டும் சொல்லு. உள்ளதைச் சொல்லு."

கம்சனாவின் தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்குப் போட்ட அன்ராக் இன்னும் கந்தோரில் கிடக்கிறது. முதல்நாள்தான் அப்பாவும் போல்மனும் கைகலப்பு. கிழவரின் மணிக்கட்டில் அவளுடைய பல்லின் அடையாளம். நோயாளி அப்பாவைக் கொண்டுபோய் ஒரு அறையில் இருத்தி ஆறு மணித்தியாலம் கேள்வி கேட்பார்கள். அந்த நெஞ்சு தாங்காது.

"நாங்கள் நித்திரையாய் இருந்தோமாம்," என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். "ஒன்றும் கேட்கவில்லையாம்."

அந்தச் சின்னச் சொற்கள் அளவுக்கு அப்பாவுக்கும் ஜெர்மன் விளங்கும். அவர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

படிக்கட்டில் றீற்றா அன்ரி காத்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். பொலிஸ்காரியின் கையைப் பிடித்து, உடைந்த ஜெர்மனில், பதினைந்து வருடத்துக்கு முந்திய நாலு அடியையும் சொன்னாள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னாள். தான் அள்ளிப் போட்ட பனியையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். பொலிஸ்காரி மூன்று பக்கம் எழுதினாள்.

அந்தக் கிழமை முழுக்க றீற்றா அன்ரி தன் கதவைப் பார்த்துக்கொண்டு படியிலேயே இருந்தாள். பலகை வரவில்லை.

"என்னை விட்டிட்டானடி," என்றாள் கம்சனாவிடம். "சொன்னபடியாலைதான் விட்டிட்டான். ஆனா அது எங்கை போனதெண்டு மட்டும் தெரியேல்லை."

ஏப்ரலில் அவர்கள் டோர்ட்மண்டுக்கு மாறினார்கள். லிப்ட் வைத்த புதுக் கட்டடம். படிக்கட்டில் சோப் வாசம். நடைபாதையைத் துப்புரவாக்க ஆட்கள் வாகனத்தில் வந்து போவார்கள். யாருக்கும் முறை கிடையாது. அப்பாவுக்கு உடம்பு தேறியது. அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மகளிடம் எதையும் மொழிபெயர்க்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஓகஸ்ட் மாதம். அம்மாவுக்கு இரவு வேலை. நடுச்சாமத்திலும் முப்பது பாகை வெக்கை. கம்சனா கட்டிலில் குப்புறப் படுத்தபடி, ஹம்மில் இருக்கும் சிநேகிதி ஆரணிக்குப் போனில் எல்லாவற்றையும் கிசுகிசுத்து முடித்தாள். முதன்முதலாக ஒருத்தியிடம் சொல்கிறாள்.

"எடியே, சும்மா கதை விடாதை," என்றாள் ஆரணி. குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் சின்னச் சிரிப்பு. "உண்மையாவே கதவைப் பூட்டி வைச்சிருந்தனீயே?"

"ஓம்."

"பிறகு பொலிஸ் வந்து கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னனீ?"

கம்சனா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

"உள்ளதைத்தான் சொன்னனான்," என்றாள்.

அப்போதுதான் வாசம் வந்தது. நனைந்த கம்பளி. பழைய புகையிலை.

அவள் தலையைத் திருப்பினாள்.

அறைக் கதவின் உட்பக்கக் கைபிடியில் அது தொங்கியது. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. மரத்தில் ஒரு பட்டித் தோல் காய்ந்து சுருண்டிருந்தது. கதவு உள்ளே பூட்டித்தான் இருந்தது.

சர்ர்ர்க்.

"கம்சா?" என்றாள் ஆரணி போனுக்குள். "ஆரடி இந்த நேரத்திலை உங்கை மண் அள்ளுறது?"

சர்ர்ர்க். அறைக்கு வெளியே, வீட்டு நடையில்தான் அது வந்துகொண்டிருந்தது.

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. "பிள்ளை," அப்பாவின் குரல். நித்திரை கலைந்த, பயந்த குரல். "அது என்ன சத்தம்?"

உள்ளதைச் சொன்னால் அவர் தன் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

"ஒண்டுமில்லை அப்பா," என்றாள் கம்சனா. "நீங்கள் படுங்கோ."

சத்தம் அப்பாவின் கதவடியில் நிற்கவில்லை. அதைத் தாண்டி வந்தது.